வேம்பா, புங்கனா? வீட்டு வாசலுக்கு எந்த நிழல்?

ஆயக்குடி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, பழனி - திண்டுக்கல் சாலையில் பஸ் ஜன்னல் வரைக்கும் வாசம் வீசும் கொய்யா. இன்னொன்று, 'மரத்தடி மையம்'. அரசுப் போட்டித் தேர்வு எழுதும் இளைஞர்களுக்கு இலவசமாக வகுப்பு நடத்திப் பேர் வாங்கிய பயிற்சி மையம் அது. கட்டடத்தை வைத்துப் பேர் வராமல், உட்கார்ந்து படித்த நிழலை வைத்தே பேர் வந்துவிட்டது.

அப்படிப்பட்ட ஊரிலும் இன்றைக்கு நிழல் குறைந்துகொண்டுதான் வருகிறது. ஓட்டு வீடும் திண்ணையும் போய், கான்கிரீட் வீடுகள் வந்துவிட்டன. வாசலில் சிமென்ட் தளம், பைக் நிறுத்த தகர ஷெட். சித்திரை, வைகாசியில் மதியம் மூன்று மணிக்கு மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்த்தால் கை சுடுகிறது. அந்தச் சூடு ராத்திரி பத்து மணி வரை வீட்டுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

'ஒரு மரம் வைக்கலாம்' என்று யாராவது ஆரம்பித்ததுமே வீட்டுக்குள் இரண்டு கட்சி உருவாகிவிடும். 'வேப்பங்கன்னு வைங்க, காத்து நல்லது' என்பார் அம்மாயி. 'புங்கன் வைங்க, நெழல் அடர்த்தியா விழும்' என்பார் வீடு கட்டிய கொத்தனார். சொல்லப்போனால் இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால், இரண்டு மரத்துக்கும் ஒரே இடம் சரிப்படாது. மரத்தை ஒரு தடவைதான் நடப்போகிறோம். பத்து வருஷம் வளர்ந்த பிறகு 'தப்பான இடத்தில் வைத்துவிட்டோம்' என்று வெட்டினால், போன பத்து வருஷம் திரும்பி வராது. அதனால், கன்று வாங்கப் போவதற்கு முன்பே இந்த இரண்டையும் கொஞ்சம் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

நிழல் ஏன் குளிர்கிறது?

தகர ஷெட்டும் நிழல் தருகிறது, மரமும் நிழல் தருகிறது. ஆனால், ஷெட்டுக்குக் கீழே வேர்க்கிறது. மரத்தடியில் தூக்கம் வருகிறது. தகரம் வெயிலை வாங்கிச் சூடாகி, அந்தச் சூட்டைக் கீழே இறக்குகிறது. மரமோ வேர் வழியாக உறிஞ்சிய தண்ணீரை இலைகளின் நுண்துளைகள் வழியாக ஆவியாக விடுகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கு என்ன காரணமோ, அதேதான் இதற்கும் காரணம். தண்ணீர் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது.

இங்கே ஒரு நம்பிக்கையையும் சரிசெய்துகொள்ள வேண்டும். 'வேப்பமரம் ராத்திரியிலும் ஆக்சிஜன் விடும்' என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. அது உண்மை இல்லை. ஒளிச்சேர்க்கைக்கு வெளிச்சம் வேண்டும். ராத்திரியில் எல்லா மரங்களையும் போல வேம்பும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவைத்தான் விடுகிறது. அந்த அளவு மிகக் குறைவு என்பதால், மரத்தடியில் கட்டில் போட்டுப் படுப்பதில் பயம் எதுவும் தேவையில்லை.

புங்கன்: தாழ்வான குடை

புங்கன் உயரத்தைவிட அகலத்தில்தான் கெட்டி. அடிமரம் குட்டையாக நின்று, கிளைகள் பக்கவாட்டில் விரியும். ஒரு இலைக்காம்பில் பெரும்பாலும் ஐந்து அல்லது ஏழு அகலமான சிற்றிலைகள் இருக்கும். ஒன்றின்மேல் ஒன்று படிவதால் வெயில் ஊடுருவ வழியில்லை. அடியில் விழும் நிழல் கெட்டியாக, கறுப்பாக இருக்கும். கட்டில் போட, ஆடு மாடு கட்ட, வண்டி நிறுத்த இதைவிட நல்ல குடை கிடையாது.

வாசலில் புங்கன் வைப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. குறுந்தொகையின் 53-வது பாடலில் ஒரு வீட்டு முற்றம் வருகிறது. அங்கே நிற்கும் புங்கமரத்தின் பூக்கள் வெண்மணலில் உதிர்ந்து கிடக்கின்றன. முருகனுக்கு வேலன் வெறியாடும் களத்தில் நெற்பொரியை இறைத்ததுபோல அது தெரிகிறது என்கிறார் புலவர். பங்குனி, சித்திரையில் இன்றைக்கும் ஒரு புங்கமரத்தடியில் போய் நின்றால் அதே பொரியைப் பார்க்கலாம். பழனி மலைக்குப் பக்கத்து ஊரில் இருப்பவர்களுக்கு அந்த உவமைக்கு உரை தேவைப்படாது.

புங்கன் பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அவரை, துவரைபோல இதன் வேரிலும் முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தருகின்றன. தழையை வயலுக்கு உரமாக மிதித்தது இதனால்தான்.

வேம்பு: உயரமான பந்தல்

வேம்பு மேலே போகிற மரம். நன்றாக வளர்ந்தால் ஐம்பது, அறுபது அடி உயரத்தைத் தொடும். ஒரு காம்பில் பத்துப் பதினைந்து சின்னச் சின்ன இலைகள், ஓரமெல்லாம் ரம்பப் பல். அவற்றுக்கு நடுவே வெயில் கொஞ்சம் கொஞ்சமாக வடிகட்டி இறங்கும். அதனால் இதன் நிழல் புங்கன் அளவுக்குக் கெட்டியாக இராது. ஆனால், கிளைகள் உயரத்தில் இருப்பதால் அடியில் காற்றோட்டம் பிரமாதமாக இருக்கும். 'வேப்பங்காத்து' என்று அம்மாயி சொல்வதன் ரகசியம் பெரும்பாலும் அந்தக் காற்றோட்டம்தான்.

வேம்பின் பெரிய பலம், தண்ணீர் இல்லாமல் தாக்குப்பிடிப்பது. பழனிக்குப் பாதயாத்திரை நடந்தவர்களுக்கு வெட்டவெளியில் ஒரு மர நிழலின் அருமை தெரியும். அதே மாதிரி ஒரு தேவை அரேபியப் பாலைவனத்திலும் வந்தது. மெக்காவுக்குப் பக்கத்தில் அரஃபாத் சமவெளியில் ஹஜ் யாத்ரீகர்கள் பகல் முழுக்கத் தங்குவார்கள். அங்கே நிழலுக்காகச் சுமார் 50,000 வேப்பமரங்களை நட்டார்கள். அந்தச் சூட்டில் நின்று காட்டிய மரம், கொடைக்கானல் மலையடிவாரத்து வறட்சிக்கு அசையுமா?

மாசியில் மொட்டை, சித்திரையில் குடை

'வெயில் ஆரம்பிக்கிற நேரம் பார்த்து இலை கொட்டுகிறதே' என்று இரண்டு மரங்கள்மீதும் புகார் உண்டு. உண்மைதான். தை கடைசியிலிருந்து மாசி வரை இரண்டுமே பழைய இலையை உதிர்க்கும். ஆனால், பங்குனிக்குள் புதுத்தளிர் வந்துவிடும். புங்கன் பளிச்சென்ற இளம்பச்சையில் துளிர்க்கும், வேம்பு செம்பு நிறத்தில் துளிர்க்கும். சித்திரை ஒன்றாம் தேதி பச்சடிக்கு வேப்பம்பூ பறிக்கும்போது மேலே குடையும் தயாராக இருக்கும். நடுவில் சில வாரம்தான் மொட்டை. அந்த உதிர்ந்த இலையை எரிக்காமல் மரத்தடியிலேயே பரப்பி வைத்தால், கோடைக்கு வேர் காயாது.

தண்ணீர் நிற்குமா, வடியுமா?

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கீழே. புங்கன் இயல்பாகவே ஆற்றங்கரை, வாய்க்கால் கரைகளில் வளர்கிற மரம். சில நாள் தண்ணீர் தேங்கினாலும் தாங்கும், கொஞ்சம் உப்புத் தண்ணீரையும் சமாளிக்கும். பாத்திரம் கழுவிய தண்ணீரும் துணி அலசிய தண்ணீரும் போய் விழும் மூலைக்கு அது பொருத்தம்.

வேம்புக்கு அந்த மூலை ஆகாது. வேரடியில் தண்ணீர் தேங்கினால் நலிந்துபோகும். மேடான, தண்ணீர் வடிகிற செம்மண், சரளை மண் இருந்தால் போதும். முதல் இரண்டு வருஷம் காப்பாற்றிவிட்டால், அப்புறம் தண்ணீர் ஊற்றக்கூட வேண்டியதில்லை. தோட்டத்து வேலியோரம், களத்துமேடு, மாட்டுக் கொட்டகைக்குப் பக்கம் எல்லாம் வேம்புக்கான இடங்கள்.

வெயிலும் காற்றும் ஒரே பக்கம்

ஆயக்குடி வட்டாரத்துக்கு என்றே ஒரு சிக்கல் இருக்கிறது. அது வெயிலும் காற்றும் வரும் திசை.

முதலில் வெயில். இந்த ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் பத்தரை டிகிரியில் இருக்கிறது. சித்திரை பிறந்த சில நாட்களில் உச்சிவெயில் நேராகத் தலைக்கு மேலே வந்துவிடும். அப்புறம் வைகாசி, ஆனியில் சூரியன் கொஞ்சம் வடக்கே தள்ளிப்போய், வடமேற்கை ஒட்டிச் சாயும். ஆக, வீட்டைச் சுட வைப்பது பிற்பகல் வெயில். அது மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருகிறது. கிழக்கு வாசலில் மரம் வைத்தால் காலைக்குத்தான் உதவும். கோடைப் பிற்பகலுக்கு மரம் நிற்க வேண்டிய இடம், வீட்டின் மேற்கும் வடமேற்கும்.

அடுத்து காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்றுதான் உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதன் வீச்சு பழனி வட்டாரத்துக்கும் வரும். ஆடிக் காற்று வருவதும் அதே மேற்குப் பக்கத்திலிருந்து. அப்படியென்றால், நிழலுக்காக மேற்கே வைத்த மரத்தின் கிளை முறிந்தால், அது கிழக்கே, அதாவது வீட்டுமேல்தான் விழும்.

புங்கனுக்கும் வேம்புக்கும் தீர்ப்பு சொல்வது இந்த இடம்தான். குட்டையாக நிற்கும் புங்கனை மேற்குப் பக்கம் வீட்டுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வைக்கலாம். சுவரிலிருந்து குறைந்தது பதினைந்து அடி தள்ளியிருந்தால் போதும். உயரமாகப் போகும் வேம்பு இருபது, இருபத்தைந்து அடியாவது தள்ளி நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடமிருந்தால், வேம்பு வெளியே, புங்கன் உள்ளே என்று வைப்பது நல்லது. வேம்பு காற்றின் வேகத்தை உடைக்கும். புங்கன் சுவருக்கு நிழல் தரும்.

நாட்டு மரங்கள் காற்றுக்கு ஓரளவு நின்று பிடிக்கும் என்பதைச் சென்னை பார்த்திருக்கிறது. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவற்றில் குல்மோஹர், இயல்வாகை போன்ற வெளிநாட்டு மரங்களே அதிகம் என்று அப்போது தாவரவியலாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதற்காக நாட்டு மரம் முறியவே முறியாது என்று அர்த்தமில்லை. காய்ந்த கிளைகளை ஆனிக்கு முன்னால் கழித்துவிடுவது எந்த மரத்துக்கும் நல்லது. மின்கம்பிக்குக் கீழே இரண்டையுமே வைக்கக் கூடாது. வைத்தால் வருஷாவருஷம் உச்சியை வெட்டி, மரத்தை நொண்டியாக்க வேண்டிவரும்.

பக்கத்தில் கொய்யாத் தோப்பா?

ஆயக்குடியில் பல வீடுகளின் கொல்லைப்புறத்துக்கு அடுத்தது கொய்யாத் தோப்புதான். அங்கே இன்னொரு விஷயத்தையும் கணக்கில் வைக்க வேண்டும்.

'தேயிலைக் கொசு' என்று ஒரு பூச்சி இருக்கிறது. பெயரில்தான் கொசு, உண்மையில் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. தேயிலை, முந்திரி, முருங்கை, கொய்யா, வேம்பு என்று இதற்கு விருந்து பல இடங்களில். கொய்யாப் பிஞ்சைக் குத்தினால் காய்மேல் சொறிபோலப் பழுப்புப் புள்ளிகள் விழும். சந்தையில் அந்தக் காய்க்கு விலை இறங்கிவிடும். பூச்சிவிரட்டி என்று பேர் வாங்கிய வேம்பையே இந்தப் பூச்சி விடுவதில்லை என்பதுதான் வேடிக்கை.

கடந்த சில வருஷங்களாக மழைக்காலம் முடிந்து மார்கழி, தை மாதங்களில் வேப்பமரத்து நுனிக் கொழுந்தெல்லாம் தீயில் வாட்டியதுபோலக் கருகி நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 2021-ல் தெலங்கானாவில் இது பரவலாகப் பேசப்பட்டது. இந்தப் பூச்சி குத்திய இடத்திலும் ஈர நாட்களிலும் நுனிக்கருகல் பூஞ்சை புகுந்துகொள்வதால் வருவது அது. பார்த்தால் மரம் செத்துவிட்டதாகத்தான் தோன்றும். அவசரப்பட்டுக் கோடாரியை எடுத்துவிடாதீர்கள். வெயில் ஏறியதும் பெரும்பாலான மரங்கள் திரும்பத் துளிர்த்துவிடுகின்றன. கருகிய நுனிகளை எட்டும் வரை வெட்டி அப்புறப்படுத்தினால் போதும்.

அதனால் தோப்பை ஒட்டி வேம்பு இருக்கவே கூடாதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்த மரத்தின் விதைதான் தோப்புக்கு மருந்தும் தருகிறது. ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, பத்து லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து வடிகட்ட வேண்டும். அதில் தண்ணீர் சேர்த்து நூறு லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புத்தூள் கலந்து தெளிப்பதுதான் 5 சதவிகித வேப்பங்கொட்டைக் கரைசல். ஆக, தோப்புக்காரர்கள் வேம்பை வைக்கலாம். ஆனால், மழைக்காலத்திலும் அதற்குப் பிறகும் அதன் கொழுந்தை ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கொய்யாவுக்கு நல்ல வெயில் வேண்டும் என்பதால், வேம்போ புங்கனோ, நிழல் கொய்யா வரிசைமேல் விழாத தூரத்தில் இருக்கட்டும்.

புங்கனுக்கும் நோய் இல்லாமல் இல்லை. இலை முழுக்கப் பரு வந்ததுபோல முண்டு முண்டாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் செய்கிற வேலை அது. பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர, வளர்ந்த மரத்துக்கு அதனால் பெரிய ஆபத்து இல்லை. இளம் கன்றாக இருந்தால், அந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிடலாம்.

விளக்குமாறு யார் கையில்?

மரம் வைப்பதைப் பற்றி முடிவெடுப்பது ஒருவர், தினமும் கூட்டுவது இன்னொருவர் என்றால் சண்டை நிச்சயம். புங்கன் பங்குனி, சித்திரையில் பூவைக் கொட்டும். அதன் காய்கள் முற்ற ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். அடுத்த மாசி, பங்குனியில் அவை உதிரும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் புங்கனை நிழல்மரமாகக் கொண்டுபோய் வைத்தவர்களுக்கும் இந்தக் குப்பையே முக்கியமான புகார்.

வேம்பு ஆனி, ஆடியில் பழத்தைக் கொட்டும். காலில் ஒட்டும், ஈ மொய்க்கும், சிமென்ட் தளத்தில் வழுக்கும். ஆனால், காக்காவும் மைனாவும் வௌவாலும் வந்து விருந்து சாப்பிடும். பொறுக்கிக் காயவைத்தால் வேப்பங்கொட்டைக்குக் காசும் உண்டு.

இன்னொரு வித்தியாசம் மனசு சம்பந்தப்பட்டது. வேம்பை வைப்பது சுலபம், எடுப்பது கஷ்டம். ஒரு ஆடி மாதம் யாராவது மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்துவிட்டால், அது அம்மன் ஆகிவிடும். பிறகு மாடி எடுப்பதற்குக்கூட ஒரு கிளையில் கைவைக்க வீட்டில் சம்மதம் கிடைக்காது. அது நல்லதுதான், மரம் பிழைக்கும். ஆனால், நாளைக்கு வீட்டை விரிவாக்கப் போகிற பக்கத்தில் வேம்பை வைக்காமலிருப்பது இன்னும் நல்லது.

குட்டிப் பிள்ளைகள் இருந்தால்...

புங்கங்கொட்டை சாப்பிடக் கூடியது இல்லை. கடித்து விழுங்கினால் வாந்தி, வயிற்றுக் கோளாறு வரும். விளையாடும் பிள்ளைகளிடம் சொல்லிவைக்க வேண்டும். வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைக்குச் 'சளிக்கு, பூச்சிக்கு' என்று உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது. வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தான சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வீட்டில் வளர்கிற மரம் என்பதால் எல்லாமே மருந்து ஆகிவிடாது.

எப்போது, எப்படி நடுவது?

* இந்தப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழை முக்கியம். புரட்டாசி, ஐப்பசியில் நட்டால் மழை பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

* இரண்டடி நீளம், அகலம், ஆழத்தில் குழி. மேல்மண்ணோடு மக்கிய சாணி எருவைக் கலந்து நிரப்பவும். இடுப்புயரக் கன்றாகப் பார்த்து வாங்கினால் பிழைப்பது சுலபம். வனத்துறை நாற்றங்கால்களில் இரண்டு கன்றுகளையும் கேட்டுப் பார்க்கலாம்.

* விதை போட்டு வளர்ப்பதாக இருந்தால், வேப்பங்கொட்டையைப் பழம் விழுந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். அதற்கப்புறம் முளைப்புத் திறன் வேகமாகக் குறையும். புங்கங்கொட்டை மாதக்கணக்கில் காத்திருக்கும்.

* வேப்பங்கன்றை ஆடு விடாது. முள்வேலி இல்லாமல் நடுவது வீண். புங்கனை ஆடு மாடு அவ்வளவாகத் தொடாது என்றாலும், முதல் வருஷம் கூண்டு அவசியம்.

* அடிக்கிளைகளை முதல் வருஷமே மொட்டையடிக்கக் கூடாது. தண்டு தடித்த பிறகு, தலை இடிக்காத உயரம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கலாம்.

* மரத்தைச் சுற்றி சிமென்ட் பூசாமல் குறைந்தது மூன்றடி வட்டம் மண்ணாகவே விடவும். மழைத் தண்ணீர் இறங்கவும், வேர் மூச்சுவிடவும் அதுதான் வழி.

அப்படியானால் எது?

மேற்குப் பக்கம் பதினைந்து அடி இடம், கழுவிய தண்ணீர் போகும் மூலை, அடியில் உட்காரக் கெட்டியான நிழல்... இதுதான் தேவை என்றால் புங்கன். இடம் தாராளம், மண் காய்ந்தது, தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்றால் வேம்பு. இரண்டுக்கும் இடமிருந்தால் இரண்டும்.

மூன்று சென்ட் மனையில் சுற்றிலும் ஐந்தடிதான் மிச்சம் என்றால், இரண்டுமே வேண்டாம். சுவரை ஒட்டிப் பெரிய மரத்தை வைத்துவிட்டு, அப்புறம் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அங்கே ஆயக்குடியின் சொந்த மரமான கொய்யாவையே வைக்கலாம். கவாத்து செய்து அடக்கமாக வளர்த்தால் ஜன்னலுக்கு நிழலும் ஆச்சு, பிள்ளைகளுக்குப் பழமும் ஆச்சு. பெரிய மரத்தைப் பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து, தெருவில் கம்பி போகாத பக்கம் வைக்கப் பேரூராட்சியில் கேட்டுப் பார்க்கலாம்.

எந்த மரமானாலும் நிழல் வர நாலைந்து வருஷம் ஆகும். இந்த ஐப்பசியில் கன்று நட்டால், இன்றைக்கு ஒன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போகும்போது அதன் அடியில் ஒரு கட்டில் போடலாம். மழைக்கு முன்னால் குழியைத் தோண்டி வையுங்கள்.